பனிக்கூண்டில் கரியமில வாயு

கோடை நடுப்பகலில் கடைத்தெரு நிழலில் நின்று ஒரு கோலி சோடா வாங்கிக் குடித்த நினைவு நம்மில் பலருக்கும் உண்டு. ஊரைவிட்டு வந்து மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியேறி ஆண்டுகள் பல சென்ற பின்னும், கோலி உள்ளே இறங்கும் அந்த ஓசை நம் காதை விட்டு அகலுவதில்லை. கோலி இறங்கிய கணத்தில் நிகழ்வது என்ன? அதுவரை தெளிந்து அடங்கியிருந்த நீர் பொங்குகிறது. நீருள் கரைந்திருந்த கரியமில வாயு, அமுக்கம் தளர்ந்தவுடன் குமிழ் குமிழாகக் கிளம்பிக் காற்றோடு கலந்துவிடுகிறது. பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடுகிறது.

இந்த வேதாளத்தை இறங்க விடாமலும் ஏற விடாமலும் ஓரிடத்தில் நிறுத்திவைக்க வழி உண்டா என்று கேட்பது இன்று வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரிப்பதால் மனிதகுலம் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அந்த வாயு, 2024-ஆம் ஆண்டில் 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமியின் வெப்பம் அதனால் ஏறிவருகிறது. வெளியேறும் வாயுவைப் பிடித்து எங்கேனும் அடைத்துவைக்க முடியுமானால் நன்று என்று அரசாங்கங்களும் விஞ்ஞானிகளும் எண்ணுகிறார்கள். அவர்கள் எண்ணிப் பார்க்கும் இடங்களுள் ஒன்று, நீரே கட்டித்தரும் ஒரு சிறைக்கூடம். அதன் வரலாற்றையே இங்கே நாம் காணப்போகிறோம்.

சோடா நீரில் வாயு கரைந்து நிற்கிறது, அவ்வளவே. ஆனால் நீரை நன்கு குளிர்வித்து, கரியமில வாயுவின் அமுக்கத்தையும் மிகுத்துக்கொண்டே போனால், ஓர் எல்லையில் புதுமை ஒன்று நிகழ்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, வாயுவின் மூலக்கூறு ஒவ்வொன்றையும் நடுவில் வைத்துச் சுற்றிலும் கூண்டு கட்டிக்கொள்கின்றன. பார்வைக்கு அது பனிக்கட்டி போலவே வெண்மையாகத் தோன்றும். ஆயினும் அது பனிக்கட்டி அன்று. நீர் உறையும் நிலைக்கு மேலேயும் அது உறைந்து நிற்கும். விஞ்ஞானிகள் இதனை ஹைட்ரேட் என்று அழைக்கிறார்கள். நாம் வாயுப் பனி என்று சொல்லிக்கொள்ளலாம். கரியமில வாயுவைப் பொறுத்தவரை, பூஜ்ய டிகிரி சென்டிகிரேடில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அமுக்கத்தைப் போல் சுமார் 12 மடங்கு அமுக்கம் இருந்தால் போதும். வாயுப் பனி விளையும். 10 டிகிரியில் சுமார் 44 மடங்கு வேண்டும். அதற்கு மேல் வெப்பம் ஏறினால் அமுக்கத்தை எவ்வளவோ பெருக்கியாக வேண்டும்.

கரியமில வாயுவை முதன்முதலில் தனியாக இனங்கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக் என்பவர். சுண்ணாம்புக் கல் போன்ற பொருள்களில் ஒரு வாயு கட்டுண்டு கிடக்கிறது என்று 1756-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். நிலைத்த காற்று என்று அதற்கு அவர் பெயரிட்டார். அதன்பின் லீட்ஸ் நகரில் ஒரு மதுவடிசாலைக்கு அருகே குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின் மேல் திரண்டு நின்ற அதே வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். 1772-இல் அதன் செய்முறையை ஒரு சிறு நூலாக எழுதினார். இன்றைய சோடாக் கடைகளுக்கெல்லாம் மூலபுருஷர் அவரே. ஆனால் வாயு நீரில் கரைவது வேறு. நீர் வாயுவைச் சிறைப்பிடிப்பது வேறு. அந்த இரண்டாவது செயலை உலகுக்கு முதலில் காட்டியது கரியமில வாயு அன்று, குளோரின்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளோரின் வாயுவைக் குளிரவைத்தால் மஞ்சள் நிறப் படிகங்கள் உண்டாவதை ரசாயன அறிஞர்கள் கண்டிருந்தனர். உறைந்த குளோரினே அது என்று அவர்கள் நம்பினர். 1810-ஆம் ஆண்டில் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி அந்த நம்பிக்கையைச் சோதித்தார். ஈரம் சிறிதும் இல்லாதபடி உலர்த்திய குளோரினைப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர்வித்தபோதும் அது உறையவில்லை. நீரில் கரைந்த குளோரினோ தூய நீரைக் காட்டிலும் எளிதில் உறைந்தது. ஆகவே அந்தப் படிகம் குளோரின் மட்டும் அன்று. நீரும் குளோரினும் கூடிய ஒன்று என்பது தெளிவாயிற்று. வாயுப் பனியின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

டேவியின் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே, 1823-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்தப் படிகங்களைப் பகுத்து ஆராய்ந்தார். குளோரின் ஒரு பங்குக்கு நீர் ஏறத்தாழ 10 பங்கு என்று அவர் கணக்கிட்டார். பின்னர், டேவியின் யோசனைப்படி, படிகங்களை ஒரு கண்ணாடிக் குழாயில் இட்டு இருமுனைகளையும் அடைத்துச் சூடேற்றினார். குழாயினுள் எண்ணெய் போன்ற ஒரு திரவம் தேங்கியது. அப்போது அங்கே வந்த டாக்டர் ஜான் பாரிஸ் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, அழுக்குப் படிந்த குழாயைப் பயன்படுத்தலாமா என்று இளைஞராகிய ஃபாரடேயைக் கடிந்துகொண்டாராம். ஃபாரடே குழாயின் முனையை அரத்தால் அராவினார். உடனே குழாய் வெடித்தது, எண்ணெயும் மறைந்தது. மறுநாள் காலையில் டாக்டருக்கு ஒரு சிறு குறிப்பு வந்தது: நேற்று அவர் கண்ட எண்ணெய், திரவ நிலையை அடைந்த குளோரின்தான் என்று. பனிக்கூண்டு உருகியபோது விடுபட்ட வாயு, வெளியேற வழியின்றித் தன் அமுக்கத்தாலேயே திரவமாகிவிட்டது. சிறிய பனித்துண்டுக்குள் எவ்வளவு வாயு அடங்கிக் கிடக்கிறது என்பதற்கு அந்த வெடிப்பே சான்றாக அமைந்தது. அதே ஆண்டில் ஃபாரடே கரியமில வாயுவையும் மூடிய குழாய்களில் திரவமாக்கினார்.

கரியமில வாயுவின் பனியைக் காண மேலும் ஏறக்குறைய 60 ஆண்டுகள் சென்றன. அதைக் கண்டவர் போலந்து நாட்டவரான ஸிக்முண்ட் ஃப்ளோரென்டி வுரூப்ளெவ்ஸ்கி. அவர் வாழ்க்கை நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. 1845-இல் கிரோட்னோ நகரில் பிறந்த அவர், மாணவப் பருவத்தில் 1863-ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் ஈடுபட்டார். பிடிபட்டு, சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆண்டுகள் பல கழித்து 1869-இல் விடுதலை பெற்றபோது அவருடைய கண்பார்வை மிகவும் கெட்டிருந்தது. சிகிச்சை பெற்றுத் தேறி, ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களில் பயின்று, பின்பு பாரிஸ் நகரை அடைந்தார். அங்கே கையெத்தே என்ற பிரெஞ்சு அறிஞர் அமைத்த கருவி அவர் கைக்குக் கிடைத்தது. வாயுவை மிகுந்த அமுக்கத்துக்கு உள்ளாக்கித் திடீரென்று தளர்த்தும் கருவி அது. திடீரென்று விரியும் வாயு தானே குளிர்ந்துவிடும்.

மிக்க அமுக்கத்தில் கரியமில வாயு நீரில் எவ்வளவு கரையும் என்று அளப்பதே வுரூப்ளெவ்ஸ்கியின் நோக்கம். பனியைத் தேடி அவர் போகவில்லை. அமுக்கிய வாயுவைச் சற்றே தளர்த்தியபோது, குழாயின் சுவரில் ஒளி ஊடுருவாத வெண்படலம் ஒன்று படர்ந்ததை அவர் கண்டார். அமுக்கத்தைக் குறைத்தால் அது கலைந்தது. மீண்டும் கூட்டினால் மீண்டும் தோன்றியது. வெறும் பனிக்கட்டி அவ்வாறு நடந்துகொள்ளாது. கரியமில வாயுவும் நீரும் கூடிய ஹைட்ரேட் இது என்று 1882-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். வாயு ஒரு பங்குக்கு நீர் 8 பங்கு என்று கணித்தார்.

அவ்வாண்டிலேயே அவர் கிராக்கோ நகரப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். 1883-இல் அங்கே கரோல் ஒல்ஷெவ்ஸ்கியுடன் சேர்ந்து பிராணவாயுவைத் திரவமாக்கிக் காட்டியபோது உலகமே அவரைப் புகழ்ந்தது. அந்தப் புகழின் ஒளியில் கரியமில வாயுப் பனி மறைந்துபோயிற்று. 1888-ஆம் ஆண்டில் ஓர் இரவு, சோதனைச்சாலையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் விளக்குக் கவிழ்ந்து தீப்பற்றியது. அந்தத் தீப்புண்ணாலேயே, 43 வயதும் நிறையாமல், அவர் உயிர் நீத்தார்.

அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் பால் வில்லார் என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில், 1900-ஆம் ஆண்டில், காமாக் கதிர்களைக் கண்டு பெயர் பெற்றவர் இவரே. 1888 முதல் பத்தாண்டுக் காலம் வில்லார் ஒவ்வொரு வாயுவாக எடுத்து நீரோடு சேர்த்துப் பார்த்தார். மீத்தேனும் ஈத்தேனும் வாயுப் பனியாவதை முதலில் காட்டியவர் அவர். கரியமில வாயுப் பனியை மீண்டும் அளந்து, நீர் 8 பங்கு அன்று, 6 பங்கே என்று திருத்தினார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஃபாரடே 10 என்றார். வுரூப்ளெவ்ஸ்கி 8 என்றார். வில்லார் 6 என்றார். கருவிகள் திருந்தத் திருந்த எண் குறைந்துகொண்டே வந்தது. படிகங்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும் வெற்று நீரை முற்றும் விலக்க முடியாமற் போனதே முன்னோர் தவறியதற்குக் காரணம். ஆனால் வேறொரு புதிரும் இருந்தது. ரசாயனச் சேர்க்கை என்றால் எண்ணிக்கை நிலையாக இருக்க வேண்டும் அல்லவா? இதிலோ, எத்துணை கவனமாக அளந்தாலும் எண் சிறிது ஏறியும் இறங்கியும் நின்றது. இந்தப் புதிரை அவிழ்க்க எக்ஸ் கதிர்கள் தேவைப்பட்டன.

ஜெர்மனியின் பான் நகரில் வான் ஸ்டாக்கெல்பெர்க் என்பவர் பல ஆண்டுகள் இந்தப் படிகங்களை எக்ஸ் கதிர்களால் படம் பிடித்து வந்தார். 1951, 1952-ஆம் ஆண்டுகளில் அவரும், அமெரிக்காவில் கிளாஸன், பாலிங் முதலியோரும் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். கரியமில வாயுப் பனியின் அடிப்படைக் கட்டில் 46 நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை 8 கூண்டுகளாக அமைகின்றன; அவற்றுள் 2 சிறியவை, 6 சற்றுப் பெரியவை. சிறிய கூண்டு ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு கொண்டது. பெரிய கூண்டில் அவற்றோடு அறுகோண முகங்கள் இரண்டு கூடும். கூண்டுக்கு ஒரு வாயு மூலக்கூறு குடியிருக்கிறது. எல்லாக் கூண்டுகளும் நிறைந்தால் வாயு ஒன்றுக்கு நீர் ஐந்தே முக்கால். சில கூண்டுகள் காலியாக இருந்தால் எண் அதற்கேற்ப ஏறும். புதிர் அவிழ்ந்தது. நீரும் வாயுவும் இங்கே மணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்காரரும் குடித்தனக்காரருமாக இருக்கின்றன. தெருவில் சில வீடுகள் காலியாக இருப்பதால் தெரு கலைந்துவிடுவதில்லை. ஆனால் குடியிருப்போர் மிகவும் குறைந்துவிட்டால் இந்த வீடுகள் தாமே இடிந்து விழும். குடித்தனக்காரர் இல்லாமல் நிற்கும் வலிமை இந்தச் சுவர்களுக்கு இல்லை.

இந்த விளக்கம் கிடைப்பதற்கு முன்பே வாயுப் பனி சோதனைச்சாலையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது; அதுவும் பகைவனாகவே வந்தது. 1930-களில் அமெரிக்காவில் இயற்கை எரிவாயுவை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் குழாய்கள் பல இடங்களில் அடைத்துக்கொண்டன. குளிர்காலத்தில் நீர் உறைந்து அடைக்கிறது என்று முதலில் எண்ணினர். ஆனால் நீர் உறையாத வெப்பநிலையிலும் அடைப்பு நேர்ந்தது. ஹாமர்ஷ்மிட் என்பவர் 1934-ஆம் ஆண்டில், குழாயை அடைப்பது வெறும் பனி அன்று, எரிவாயுவும் ஈரமும் கூடிய ஹைட்ரேட் என்று காட்டினார். அன்று முதல் எரிவாயுவைக் குழாயில் ஏற்றுமுன் ஈரம் போக உலர்த்துவது வழக்கமாயிற்று. மெத்தனால் போன்ற பொருள்களைக் கலப்பதும் உண்டு. அடைப்பை நீக்குவதிலும் ஆபத்து உண்டு. ஒரு பக்கத்து அமுக்கத்தை மட்டும் அவசரப்பட்டுத் தளர்த்தினால், பனிக்கட்டை துப்பாக்கிக் குண்டு போலக் குழாயினுள் பாயும்.

இந்தப் பகைமை இன்றும் தீர்ந்தபாடில்லை. 2010-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துக் கடலடியில் எண்ணெய் பீறிட்டது. சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் அதை மூட, ஏறத்தாழ 100 டன் எடையுள்ள இரும்புக் கூண்டை இறக்கினார்கள். கிணற்றிலிருந்து எழுந்த வாயு குளிர்ந்த கடல்நீரோடு கூடிப் பனியாக உறைந்து கூண்டின் வாயை அடைத்துவிட்டது. அந்த முயற்சியைக் கைவிட நேர்ந்தது.

பகைவனாக வந்த பொருளைக் களஞ்சியமாகக் கொள்ளலாமே என்ற எண்ணமும் இடையில் முளைத்தது. ஒரு கன மீட்டர் வாயுப் பனி முழுமையாக நிறைந்திருந்தால், அதை உருக்கும்போது சாதாரண அமுக்கத்தில் 160 கன மீட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். வீட்டில் மூட்டை மூட்டையாக நெல்லைப் பரப்பிவைக்காமல் குதிரில் கொட்டிவைப்பது போன்றது இது. தேவை குறைந்த காலத்தில் எரிவாயுவைப் பனியாக்கிச் சேமித்து, தேவை மிகுந்த காலத்தில் உருக்கலாம் என்று அமெரிக்காவில் 1942-ஆம் ஆண்டிலேயே ஒருவர் காப்புரிமை பெற்றார். 1990-களில் நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில் குட்மண்ட்ஸன் என்ற பேராசிரியர் வியப்பான ஒன்றை எடுத்துக்காட்டினார். மீத்தேன் பனியைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி அளவில் வைத்தால், அமுக்கம் எதுவும் இல்லாமலே பல நாள் அது கெடாமல் நிற்கிறது. மேற்பரப்பு மட்டும் கலைந்து, அதன் நீர் உறைந்து ஒரு மெல்லிய பனித்தோலாகிறது. உள்ளிருப்பதை அத்தோல் காக்கிறது. இந்த இயல்பைக் கொண்டு 2009-இல் ஜப்பானின் யனாய் மின்நிலையத்தில் நாளொன்றுக்கு 5 டன் எரிவாயுப் பனியை உருண்டைகளாகப் பிடித்து லாரிகளில் அனுப்பிப் பார்த்தார்கள்.

ஆனால் மனிதன் இவ்வாறு சோதனை செய்துகொண்டிருக்க, இயற்கை இந்தக் களஞ்சியத்தை யுகயுகமாக நிரப்பி வைத்திருந்தது. 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் சைபீரியாவின் உறைந்த நிலத்தடியில் மீத்தேன் பனி இருப்பதைக் கண்டனர். மெஸ்ஸோயாக்கா என்ற எரிவாயு வயல் அதனால் புகழ் பெற்றது. வுரூப்ளெவ்ஸ்கி தம் இளமையைக் கைதியாகக் கழித்த அதே சைபீரியா, அவர் பின்னாளில் கண்ணாடிக் குழாயில் கண்ட பனியின் உடன்பிறப்பைத் தன் மண்ணுக்கடியில் மறைத்து வைத்திருந்தது. பிறகு உலகத்தின் கடலோரங்கள் பலவற்றிலும், ஆழ்கடல் சேற்றில், மீத்தேன் பனி கிடைத்தது.

நம் நாட்டுக் கடலும் இதற்கு விலக்கன்று. 1997-இல் இந்திய அரசு இதற்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆராய்ச்சிக் கப்பல் கொங்கண-கேரளக் கடலிலும், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலும், மகாநதிக் கடலிலும், அந்தமான் கடலிலும் துளையிட்டுப் பார்த்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் 128 மீட்டர் கனத்துக்குப் பனி செறிந்த சேற்றடுக்கு தென்பட்டது. அந்தமானில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளிடையே, கடல்தரைக்குச் சுமார் 600 மீட்டர் கீழே கூட அது இருந்தது. 2015-இல் சிக்யூ என்ற ஜப்பானியக் கப்பல் வந்து 25 இடங்களில் 42 துளைகள் இட்டது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆழ்கடலை ஆராய ஆளில்லா ஊர்தி ஒன்றை உருவாக்கி, 2010-இல் அதை 5,289 மீட்டர் ஆழம் வரை இறக்கியது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வாழும் நம்மவர் கடற்கரையில் நின்று பார்க்கும் அந்த நீலப் பரப்புக்கு அப்பால்தான் இந்தப் புதையல் கிடக்கிறது. வணிக முறையில் அதை எடுக்கும் பணி நம் கடலில் இன்னும் தொடங்கவில்லை.

மீத்தேனை இயற்கை இவ்வளவு காலம் பாதுகாத்ததென்றால், கரியமில வாயுவையும் அங்கேயே ஒப்படைக்கலாகாதா? நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு இங்கே வந்து சேர்கிறோம். பூஜ்ய டிகிரியில் மீத்தேன் பனியாவதற்குச் சுமார் 26 மடங்கு அமுக்கம் வேண்டும்; கரியமில வாயுவுக்கு 12 மடங்கு போதும்; நைட்ரஜனுக்கோ 160 மடங்கு வேண்டும். கரியமில வாயு கூண்டுக்குள் எளிதில் புகும் என்பதே இதன் பொருள். ஆகவே புகைபோக்கியிலிருந்து வரும் கலவையைக் குளிர்ந்த நீரோடு அமுக்கினால், நைட்ரஜன் வெளியே நிற்க, கரியமில வாயு மட்டும் பெரும்பாலும் பனிக்குள் அடங்கும். வாயுவைப் பிரித்தெடுக்கவும் பனி உதவுகிறது. ஆனால் ஒரு டன் கரியமில வாயுவை அடைக்க ஏறத்தாழ இரண்டரை டன் நீர் தேவை. குளிர்விக்கவும் அமுக்கவும் மின்சாரம் தேவை. அந்த மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வருமானால் வரவு செலவுக்குச் சரியாகப் போய்விடும். குளிரும் அமுக்கமும் இலவசமாகக் கிடைக்கும் இடம் ஆழ்கடல் ஒன்றே.

1998-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்கு அப்பால் பீட்டர் புரூவர் என்பவரும் அவர் தோழர்களும் ஒரு சோதனை செய்தனர். 3,627 மீட்டர் ஆழத்தில், ஆளில்லா ஊர்தியின் துணையால், திரவக் கரியமில வாயுவை ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினர். அந்த ஆழத்தில் அது கடல்நீரை விடக் கனமானது. எனவே மிதக்காமல் கோப்பையில் தங்கியது. சிறிது நேரத்தில் அது நீரோடு கூடிப் பனியாகி, பருத்து, கோப்பையின் விளிம்பைத் தாண்டி வழிந்து கடல்தரையில் உருண்டது. காட்சி அழகானதுதான். ஆயினும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் வேறோர் உண்மையையும் உணர்த்தின. சுற்றியுள்ள கடல்நீரில் கரியமில வாயு நிறைந்திருப்பதில்லை. எனவே திறந்த கடலில் கிடக்கும் பனி, சர்க்கரைக் கட்டி கரைவதுபோல மெல்ல மெல்லக் கரைந்துவிடும். கரைந்த வாயு கடலின் அமிலத்தன்மையைக் கூட்டும். ஆழத்தில் வாழும் உயிர்களுக்கு அது கேடு.

மக்களும் வாளாவிருக்கவில்லை. ஹவாய்த் தீவுக்கு அருகே சில நாடுகள் சேர்ந்து ஒரு கடற்சோதனை நடத்தத் திட்டமிட்டபோது உள்ளூர் மக்கள் எதிர்த்தனர். திட்டம் நார்வேக் கடலுக்கு மாற்றப்பட்டது. அங்கும் 2002-ஆம் ஆண்டில் அரசு தான் தந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் உடன்பாட்டில் 2006-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி கடல்தரைக்கு அடியிலுள்ள பாறை அடுக்குகளில் கரியமில வாயுவைச் செலுத்தலாம். கடல்நீரிலேயே விடுவதற்கு அந்தத் திருத்தம் இடம் தரவில்லை. விஞ்ஞானிகளின் கருத்தும் அத்திசையிலேயே திரும்பியது. ஆழ்கடல் சேற்றுக்குக் கீழே சில நூறு மீட்டரில் திரவ வாயுவைச் செலுத்தினால், அது மேலேற முயலும்போது குளிர்ந்த அடுக்கில் பனியாகித் தானே தன் வழியை அடைத்துக்கொள்ளும் என்று 2006-ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். எரிவாயுக் குழாய்களை அடைத்து வருத்திய அதே குணம் இங்கே காவலாக மாறுகிறது.

இரண்டு காரியங்களை ஒருசேர முடிக்கும் யோசனையும் உண்டு. மீத்தேன் பனிக்குள் கரியமில வாயுவைச் செலுத்தினால், பழைய குடித்தனக்காரர் வெளியேறிப் புதியவர் குடியேறுவார். எரிபொருளும் கிடைக்கும், புகையும் அடைபடும். 2012-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் வடகரையில் அமெரிக்கரும் ஜப்பானியரும் சேர்ந்து இதைச் சோதித்தனர். கரியமில வாயுவைத் தனியே செலுத்தினால் மண்ணிடுக்கில் உள்ள நீரோடு உடனே உறைந்து வழியை அடைத்துவிடும் என்று அஞ்சி, பெரும்பங்கு நைட்ரஜனைக் கலந்தே செலுத்தினர். மீத்தேன் வெளிவந்தது. செலுத்திய கரியமில வாயுவில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிட்டதாகக் கணக்கிட்டனர். இது ஒரு கிணற்றில் சில வாரங்கள் நடந்த சோதனை என்பதை நாம் மறந்துவிடலாகாது. கோடிக்கணக்கான டன்னுக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

இருநூறு ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பனியை நாம் மாறி மாறி எண்ணி வந்திருக்கிறோம்: முதலில் வேடிக்கைப் பொருள், பின்பு இடையூறு, அதன்பின் புதையல், இப்போது காவல்கூடம். மாறியவர்கள் நாம், பனியின் குணம் மாறவில்லை. டேவியின் நாளில் அதற்கு என்ன வேண்டியிருந்ததோ அதுவே இன்றும் வேண்டும்: குளிரும், அமுக்கமும், கூண்டு நிறையக் குடியிருப்பும். இம்மூன்றும் உள்ளவரை அது யுகக்கணக்கில் காக்கும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் கதவு திறந்துவிடும். வுரூப்ளெவ்ஸ்கியின் குழாயில் வெண்படலம் கலைந்தபோது அவர் மீண்டும் அமுக்கத்தைக் கூட்டிக்கொள்ள முடிந்தது. கடலடியில் கலைந்தால் கூட்டுவார் யார்?

ஆதலால் வாயுப் பனியை ஆராய்வது வேண்டியதே; நம் நாட்டு இளைஞர்கள் அதில் ஈடுபடுவது பெருமைக்குரியதே. ஆனால் அடைத்துவைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டதென்று எண்ணி, புகையைக் குறைக்கும் கடமையைத் தள்ளிவைப்பது தகாது. குதிர் எவ்வளவு பெரிதானாலும், அதற்குள் இடுவதை அளவறிந்து இடுவதே குடும்பத்துக்கு அழகு. கடை வாசலில் சோடாப் புட்டி பொங்குவதைக் காணும்போதெல்லாம், அமுக்கம் தளர்ந்த வாயு நொடியும் காத்திராது என்ற இந்தச் சிறு பாடத்தை நாம் நினைவில் கொள்வோமாக.